சூரியனுக்கு ஞாயிறு விடுமுறை

மாவு மில்காரருக்கும் இயற்பியலுக்கும் இருந்த உறவு ஒரே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய மில்லும், மில்லை ஒட்டி அவரும் மனைவியும் குடியிருந்த இரண்டு அறைகளும். அந்தப் பக்கம் ஈர்ப்புவிசைச் சோதனை நிலையம். நிலையத்தின் முகப்பு பெரிய சாலையில் இருந்தது. அங்கே வெண்கல எழுத்துகள் உண்டு, கொடிக்கம்பம் உண்டு, மிதிக்கக் கூடாத புல் உண்டு. மில்காரரின் தெருவுக்கு வாய்த்தது அதன் முதுகு மட்டும்: கால் உடைந்த நாற்காலிகளைக் குவித்த முற்றமும், எப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயும்.

தெருவில் அதற்கு 'சைபர் ஆபீஸ்' என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கி கட்டி, அந்த வருடச் சோதனையின் முடிவை அறிவிப்பார்கள். வருடா வருடம் முடிவு பூஜ்யம்தான். சோதனை இதுதான். முடியைவிட மெல்லிய கம்பி ஒன்றில் இரண்டு வேறு வேறு உலோகக் கட்டிகளைத் தொங்கவிடுவார்கள். சூரியன் அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால், பூமி சுற்றச் சுற்ற அந்தக் கம்பி நாளுக்கு ஒரு தரம் இப்படியும் அப்படியும் திருகிக்கொள்ளும். அப்படித் திருகிக்கொண்டால் சார்பியல் கோட்பாட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். கம்பி அசைந்ததே இல்லை. சூரியன் ஓரவஞ்சனை செய்யவில்லை.

"சென்ற ஆண்டு நாம் கண்ட பூஜ்யத்தைவிட இந்த ஆண்டுப் பூஜ்யம் துல்லியமானது" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் முழங்குவார். கைதட்டல் சுவரைத் தாண்டி வந்து மில்லின் இரைச்சலில் கலந்துவிடும்.

நியாயமாகப் பார்த்தால் அது யோக்கியமான வேலை. பூஜ்யம்தான் சரியான விடை. ஆனால் சரியான விடையை ஒரே ஆபீஸ் திரும்பத் திரும்பச் சொன்னால் மேலிடத்துக்கு அலுத்துவிடும். மேலிடத்துக்கு அலுத்துப்போனதாக ஒரு வதந்தி கிளம்பிய வருடத்தில்தான் நிலையம் பாதாள அறை ஒன்றைக் கட்டியது. கருவியை அதற்குள் இறக்கினார்கள். பாதாள அறையின் ஒரு பக்கச் சுவர், மில்காரரின் பின்சுவருக்கு நேர் கீழே நின்றது.

அடுத்த வாரமே அதிர்வுக் கட்டுப்பாட்டுத் துணைக்குழு மில்லுக்கு வந்தது. அதன் உறுப்பினர்கள் வரிசையாக நின்று சுவரில் உள்ளங்கையை வைத்தார்கள், கண்ணை மூடினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். மில்காரர் என்னவோ ஏதோ என்று தானும் ஒரு கையை வைத்துப் பார்த்தார். சுவர் சுவராகத்தான் இருந்தது.

"மோட்டாரை நிறுத்தணும்," என்றார் துணைக்குழுவின் தலைவர்.

"எவ்வளவு நாளைக்குங்க?"

"சோதனை முடியற வரைக்கும்."

"சோதனை எப்பங்க முடியும்?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "இயற்கை ஒத்துழைச்சா சீக்கிரமே முடிஞ்சிடும்."

உத்தரவில் முத்திரை இருந்தது. மில்காரர் முத்திரைக்குக் கட்டுப்படும் மனிதர். அன்று சாயங்காலம் அவர் மோட்டாரை நிறுத்தியபோது, மனைவி உள்ளேயிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்தாள். இருபது வருடச் சத்தம் நின்றால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்.

"என்னங்க, கரண்ட்டு போயிடுச்சா?"

"இல்ல. சயின்ஸ் வந்திருக்கு."

"சயின்ஸ் வந்தா நாம வாயில மண்ணைப் போட்டுக்கறதா?"

மில்காரர் சோர்ந்து உட்காரவில்லை. ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆலையிலிருந்து மாவையும் தானியத்தையும் மூட்டையாக வாங்கி, சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கைமாற்றிவிடும் தொழிலைப் பிடித்துக்கொண்டார். விடிந்ததும் லாரி வரும். மூட்டைகளைச் சுமந்து பின்சுவரோரமாகக் கூரைவரை அடுக்குவார். பொழுது சாயும்போது கடைக்காரர்கள் வண்டியோடு வந்து எடுத்துப்போவார்கள். இரவில் சுவர் மொட்டையாக நிற்கும். மறுநாள் மறுபடியும் லாரி. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை என்பதால் அவருக்கும் விடுமுறை.

சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டாசுச் சத்தம் கேட்டது. பிறகு ஒலிபெருக்கி. இயக்குநரின் குரல் தழுதழுத்தது.

"கம்பி திருகிவிட்டது! காலையில் ஒரு பக்கம், மாலையில் மறு பக்கம். மறுபடி மறுபடி! சூரியன் பாரபட்சம் பார்க்கிறது என்பதை மனித குலத்துக்கு முதன்முதலாக அறிவிக்கும் பேறு நமக்குக் கிட்டியிருக்கிறது!"

அதைவிடப் பெரிய செய்தியை அவர் கடைசியில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி திருகுவதில்லையாம். சூரியனின் பேரிலேயே உள்ள கிழமையில் சூரியன் ஓய்வெடுக்கிறது. இதை விளக்க நிலையத்தில் உடனே ஒரு கோட்பாடு எழுதினார்கள். 'பிரபஞ்சத்தின் வாரச் சுழற்சி' என்று அதற்குப் பெயர். அதற்கென்று ஒரு துறையும் துறைக்கென்று ஒரு மாடியும் எழும்பின. இன்னும் சில ஊர்களிலிருந்த இதே மாதிரி நிலையங்கள், தங்கள் கம்பியும் திருகுவதாகச் சீக்கிரமே அறிவித்தன.

மில்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது. கடைக்காரர்களிடம், "எல்லாம் நம்ம சுவருக்குப் பின்னாடிதான் நடக்குது," என்று சொல்லிக்கொண்டார்.

அந்த நிலையத்தில் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி மாவு வாங்க ஒரு நாள் மில்லுக்கு வந்தாள். வேலையில் புதிதாகச் சேர்ந்தவள். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே பேசுகிற பிள்ளை. மாவைக் கட்டித் தரும்வரை சும்மா நின்றவள் பின்சுவரைப் பார்த்தாள். கூரைவரை மூட்டை.

"அண்ணே, இது எப்பவும் இங்கதான் இருக்குமா?"

"எப்பவும் எங்கம்மா? காலைல வரும், சாயந்திரம் போயிடும்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை லீவு."

அந்தப் பெண் அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. மில்காரரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: எடை உள்ள எந்தப் பொருளும் பக்கத்தில் இருக்கும் பொருளை இழுக்கும். இழுப்பது வெளியே தெரியாது. அந்தக் கம்பிக்கு மட்டும் தெரியும். அதற்காகவே செய்த கம்பி அது.

"அப்ப சூரியன் இழுக்கலையா?" என்றார் மில்காரர்.

"உங்க மூட்டைதான் அண்ணே இழுக்குது."

மில்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த வீட்டுக்காரருக்குத் தொல்லை கொடுத்துவிட்டோமே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. "ஐயையோ, தெரியாமப் போச்சேம்மா. நான் மூட்டையை வாசப்பக்கம் அடுக்கிக்கறேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத," என்றார்.

சொன்னபடியே மறுநாள் காலையில் மூட்டைகளை வாசலோரமாக அடுக்கினார். நிலையத்தில் அன்று கம்பி திருகவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் இயக்குநர் மில்லுக்கே நேரில் வந்தார்.

அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பின்னால் ஆராய்ச்சிப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இயக்குநர் மில்லைச் சுற்றிப் பார்த்தார், மூட்டை ஒன்றைத் தட்டிப் பார்த்தார், வாய் நிறையச் சிரித்தார்.

"நீங்கதான் நம்ம பக்கத்து வீட்டுக்காரரா? இத்தனை நாளா பாக்காமயே இருந்துட்டோம் பாருங்க."

"தப்பு நடந்துபோச்சுங்க சார். மூட்டையை மாத்திட்டேன். இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"அதைப் பத்தித்தான் பேச வந்தேன். பழைய இடத்துலயே வெச்சிடுங்க."

மில்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"வெச்சா கம்பி திருகுமேங்க சார்?"

"திருகட்டும். தாராளமா திருகட்டும்." இயக்குநர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார். "நீங்க அனுபவசாலி. உங்களுக்குச் சொன்னா புரியும். உண்மைங்கறது ரொம்பப் பெரிய விஷயம். அதைத் தேடறதுக்குத்தான் இவ்வளவு பெரிய கட்டடம். ஆனா கண்டுபிடிச்ச அப்புறம் ஆளாளுக்கு வந்து உண்மையைத் தேட ஆரம்பிச்சா கட்டடம் என்னத்துக்கு ஆகும்? எங்ககிட்ட இப்ப முந்நூறு பேர் வேலை பாக்கறாங்க. முந்நூறு குடும்பம். வாரச் சுழற்சித் துறையில மட்டும் எத்தனை கல்யாணம் நிச்சயமாயிருக்கு தெரியுமா? நான் இயற்கையை மதிக்கறவன். வாழ்நாள் பூரா அதுக்குத்தான் உழைச்சேன். பதிலுக்கு இயற்கையும் எங்களை ஒரு தடவை மதிக்கணுமா இல்லையா? மதிக்கல. சரி, நீங்களாவது மதிங்க."

முந்நூறு குடும்பம் என்ற சொல் மில்காரரை அடித்துவிட்டது. வாசலோரத்து மூட்டைகளைத் திரும்பப் பின்சுவருக்குக் கொண்டுபோனார்.

அப்படியே விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். நிலையம் விடவில்லை. தானியம் நம்பிக்கைக்குரியதல்ல என்று ஒரு குழு கண்டுபிடித்தது. ஒரு நாள் கடைக்காரர் சீக்கிரம் வருகிறார், ஒரு நாள் தாமதமாக வருகிறார். ஒரு நாள் மூட்டை கூடுதல், ஒரு நாள் குறைவு. பிரபஞ்சம் இப்படிப் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளக் கூடாது. ஆகவே வியாபாரத்தை நிறுத்தச் சொன்னார்கள். மூட்டைகளில் மண்ணை நிரப்பி, ஒரே அளவாக எடை போட்டுத் தைத்துக் கொடுத்தார்கள். மில்காரரை 'இயற்கைநிலைப் பராமரிப்பாளர்' என்ற பதவியில் அமர்த்தினார்கள். காலையில் மண் மூட்டைகளை மில்லின் வாசலோரத்திலிருந்து பின்சுவருக்குச் சுமக்க வேண்டும். சாயங்காலம் பின்சுவரிலிருந்து வாசலோரத்துக்குச் சுமக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொடக்கூடாது. மில்லின் வாசலில் ஒரு காவலாளியையும் போட்டார்கள்.

"மண்ணை அங்கயும் இங்கயும் சுமக்கறதுக்கு ஒரு உத்தியோகமா?" என்றாள் மனைவி.

"சர்க்கார் வேலைடீ."

"செத்தாக்கூட நாலு பேர் வந்து சுமப்பாங்க. நீங்க உசிரோட உங்களையே சுமந்துக்கிட்டிருக்கீங்க."

அவள் சொன்னது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. கொஞ்ச நாள் போன பிறகு உறைத்தது. தானிய மூட்டையைச் சுமந்த காலத்தில் தோளில் எடை மட்டும்தான் இருந்தது. எவர் வீட்டிலோ எவரோ அதைச் சாப்பிடப்போகிறார் என்பதால் அந்த எடை ராத்திரிக்குள் இறங்கிவிடும். மண் மூட்டையின் எடை இறங்கவில்லை. படுத்த பிறகும் தோளிலேயே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்து முகர்ந்துபார்த்துக்கொண்டிருந்ததை மனைவி கண்டாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

இதற்கிடையில் அவர் உடம்பில் ஏற்படுவதெல்லாம் வானத்தில் ஏற்படத் தொடங்கியது. அவருக்குக் காய்ச்சல் கண்டு, மனைவி பாதி மூட்டைகளை மட்டும் இழுத்துப் போட்ட வாரத்தில், 'சூரிய ஈர்ப்பில் தற்காலிகத் தளர்ச்சி' என்று கட்டுரை வந்தது. அடுத்த தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் மூட்டைகளை ஓட்டமும் நடையுமாகச் சுமந்தார். அது 'எதிர்பாராத முடுக்கம்' என்று பேர் வாங்கி, அதைக் கண்டவருக்குப் பதக்கம் கிடைத்தது. இடுப்பு பிடித்துக்கொண்டு மூட்டைகளை ஒரு சாண் தள்ளி அடுக்கிய நாளில் எந்தக் கோள் தடம் மாறியது என்று தேட ஒரு குழு மலையேறியது. குழு இன்னும் இறங்கவில்லை.

ஆராய்ச்சிப் பெண்ணைக் கடிகாரப் பிரிவுக்கு மாற்றினார்கள். மாடியில் ஒரு கடிகாரம், பாதாளத்தில் ஒரு கடிகாரம் வைத்து, ஈர்ப்பு குறைந்த மாடியில் காலம் துளி வேகமாக ஓடுகிறதா என்று பார்க்கும் பிரிவு அது. கடிகாரங்கள் இன்னும் வாங்கப்படவில்லை. அவள் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நீ மேல இருக்கறவங்ககிட்ட சொல்லக் கூடாதாம்மா?" என்று ஒரு நாள் மில்காரர் கேட்டார்.

"சொன்னேன் அண்ணே. நல்ல கருத்துன்னு பாராட்டினாங்க. அப்புறம்தான் மாத்தினாங்க."

மில்காரருக்கு ஒரே மகள். வெளியூரில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் மாமியார், மாமனார், கொழுந்தன் எல்லோருமாக ஒரே அறையில் குடித்தனம். அவளுக்கு அது தலைப்பிரசவம். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அம்மா எப்ப வருவீங்க?" என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்காமல்போன அன்றுதான் மில்காரரின் மனைவி பையை எடுத்துத் துணி அடுக்கினாள். காவலாளி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"உங்க எடையும் கணக்குல இருக்கும்மா. ஆர்டர் இல்லாம விட்டா என் வேலை போயிடும்."

மில்காரர் இயக்குநரைப் பார்க்கப் போனார். முகப்பு வழியாக அவர் உள்ளே போனதும் அதுதான் முதல் தடவை. தரை அவ்வளவு வழவழப்பாக இருந்ததால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சார், பொண்ணுக்குப் பிரசவம். நாலு நாள் லீவு வேணுங்க."

"லீவா?" இயக்குநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நீங்க செய்யறது ஆபீஸ் வேலைன்னா இந்த நிமிஷமே குடுத்திருப்பேன். நீங்க செய்யறது இயற்கையாச்சே. சூரியன் என்னிக்காவது லீவு கேட்டிருக்கா?"

"ஞாயித்துக்கிழமை எடுத்துக்குதுங்களே சார்."

மில்காரர் கிண்டல் செய்கிறாரா என்று இயக்குநர் முகத்தில் தேடினார். அந்த முகத்தில் கிண்டல் இல்லை.

"ஞாயித்துக்கிழமை போயிட்டு அன்னிக்கே திரும்பிடுங்களேன்."

"போகவே ஒரு நாள் ஆகும் சார்."

"அப்ப பாருங்க, தூரம்தான் பிரச்சினை. நாங்க இல்ல." எழுந்து வந்து தோளில் கைவைத்தார். "அடுத்த வாரம் மறுஆய்வுக் குழு வருது. வெளியூர் நிலையத்துத் தலைவர்கள் எல்லாம் வராங்க. அது நல்லபடியா முடியட்டும். அப்புறம் உங்க விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஒரு குழு போடறேன். குழந்தை பெரியவனாகறதுக்குள்ள முடிவு வந்திடும்."

மறுஆய்வுக் குழு வந்தது. பாதாள அறை, வாரச் சுழற்சி மாடி எல்லாம் சுற்றிக் காட்டினார்கள். கூட்டம் பெரிய மண்டபத்தில் நடந்தது. தேநீர் தூக்கிப்போகிற ஆட்களோடு ஆராய்ச்சிப் பெண் மில்காரரை உள்ளே விட்டாள். அவளுக்கு இழக்க வேறு ஒன்றும் இல்லை. அதனால் பயமும் இல்லை. இயக்குநர் பேசி முடித்து, "கேள்விகள் உண்டா?" என்றார். மில்காரர் எழுந்து நின்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "ஐயா, நான் பக்கத்துல மில்லு வெச்சிருந்தவன். உங்க கம்பி சூரியனால திருகலைங்க. நான் மூட்டை அடுக்கறேன், அதனால திருகுது. நான் லீவு போட்டா திருகாது. ஞாயித்துக்கிழமை நான் சும்மா படுத்திருப்பேன். அவ்வளவுதாங்க விஷயம். என் பொண்ணு பிரசவத்துக்குப் படுத்த படுக்கையா கிடக்கறா. என்னை விட்டுடுங்க."

இயக்குநர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மறுஆய்வுக் குழுவின் தலைவர், வெள்ளைத் தலைமுடிப் பெரியவர், மில்காரரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மைக்கை இழுத்துக்கொண்டார்.

"சாதாரண மக்கள் அறிவியலில் இவ்வளவு ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சி அளிக்கிறது," என்றார். "அவருடைய கருத்தைக் குறிப்பில் சேர்த்துக்கொள்வோம். உணவு இடைவேளை."

கைதட்டினார்கள். மில்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். எல்லோரும் கலைந்த பிறகு பெரியவர் அவரைக் கை காட்டி ஜன்னலோரம் அழைத்தார். அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை, தூக்கமில்லாத களைப்பு.

"உங்க மூட்டையில என்ன போட்டிருக்கீங்க?"

"மண்ணுங்க."

"மண்ணா? தேவலையே. எங்க ஊர்ல தண்ணித் தொட்டி. ரொப்பறதுக்கு ஒரு ஆள், இறைக்கறதுக்கு ஒரு ஆள். அதுல வேற எங்களுக்குச் சனி ஞாயிறு ரெண்டு நாளும் லீவு. அந்தச் சனிக்கிழமைக்குன்னு தனியா ஒரு கோட்பாடு எழுதவேண்டியதாப் போச்சு." பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு இடுப்பு வலி இருக்கா? எங்க ஆளுக்கு இருக்கு. என்ன மருந்து தடவறீங்க?"

மில்காரர் வெளியே வந்தார். எல்லா ஊர்களிலும் ஒரு ஆள் சுமந்துகொண்டிருக்கிறான், எல்லா இடத்திலும் எல்லோருக்கும் அது தெரியும் என்பது வெயில் மாதிரி அவர் தலையில் இறங்கியது. சொல்லிவிட்டால் விடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். சொல்லியாயிற்று. யாருக்கும் அது செய்தியாக இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"குறைமாசத்துல பொறந்திடுச்சாம். பொண்ணு. தாயும் புள்ளையும் உசிரோட இருக்காங்களாம்."

மில்காரர் அடுக்கிய மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். காவலாளி மறித்தார். "நீ வேணா எங்க ரெண்டு பேர் எடைக்கு அங்க போய் உக்காந்துக்க தம்பி," என்று சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காவலாளி உண்மையிலேயே உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துபார்த்தார் என்று பிற்பாடு தெருவில் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் மகள் அம்மாவைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் ஒரு நாள் முழுக்க இருந்தது. மறுநாள் அவளே, "அப்பா, தூக்கிக்கோங்க," என்றாள். மில்காரர் பேத்தியைக் கைகளில் வாங்கினார். காலமெல்லாம் எடை தூக்கிய கை அது. குழந்தை எடையே இல்லாமல் இருந்தாள். எங்கே அழுத்திவிடுவோமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மூச்சு விடாமலே கண்ணீர் விட்டார்.

நாலைந்து நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்தார்கள். மகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர்களுக்கு அங்கே தங்க இடமில்லை. அந்த ஒற்றை அறையில் தொட்டில் கட்டவே மாமனார் வெளியே படுக்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பினார்கள்.

தெரு முனையிலேயே ஒலிபெருக்கி கேட்டது. மில்லின் கதவில் பெரிய பூட்டு. பூட்டின் மேல் அரக்கு முத்திரை. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். இயக்குநர் ஒரு கூட்டத்தோடு வாசலில் நின்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். மில்காரரைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்களைப் பத்தித் தப்பா நினைச்சுட்டேன். நீங்க போன அன்னிக்கு என் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆனா பாருங்க, திருகிக்கிட்டிருந்த கம்பி சட்டுனு நின்னுடுச்சு! இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இத்தனை கோடி வருஷமா பாரபட்சம் பாத்த சூரியன் நம்ம காலத்துல, நம்ம கண்ணு முன்னாடி திருந்தியிருக்கு! இயற்கை விதியே மாறியிருக்கு! இதுக்கு மேல இனி என்ன வேணும்? மேலிடத்துல இன்னும் ரெண்டு மாடி குடுத்திருக்காங்க."

"நல்லதுங்க சார்," என்றார் மில்காரர். "அப்ப மூட்டை சுமக்க வேண்டியதில்லையே? கதவைத் திறந்துவிடுங்க. மோட்டாரை ஓட்டிப் பிழைச்சுக்கறேன்."

இயக்குநர் அவர் கைகளை விட்டார்.

"அது எப்படி முடியும்? நீங்க உள்ள போனா கம்பி திரும்ப அசையும். மூட்டை அங்க இருக்கிறது இருந்தபடி இருக்கணும். நீங்க இங்க இல்லைங்கறதுதான் இப்ப கண்டுபிடிப்பு."

"அது எங்க வீடு சார்."

"இருந்துச்சு," என்றார் இயக்குநர் மிகுந்த அனுதாபத்தோடு.

"உள்ள துணிமணி இருக்கு, பாத்திரம் இருக்கு. அதையாவது எடுத்துக்கறோம்," என்றாள் மனைவி.

"ஒரு கரண்டியைக்கூட நகர்த்த முடியாதும்மா. எல்லாமே அளந்தாச்சு."

அதற்குள் யாரோ அழைக்க, அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். ஆராய்ச்சிப் பெண்ணைத் தேடினார்கள். அவள் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டாள் என்று காவலாளி சொன்னார். மில்காரரும் மனைவியும் பையோடு எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் நின்றார்கள். வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் காவலாளி சங்கடத்தோடு வந்தார்.

"அண்ணே, கம்பி லேசா ஆடுதாம். கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றாங்க."

தள்ளி, தெரு முனைக்குப் போய் நின்றார்கள். காவலாளி மறுபடியும் வந்தார். "இன்னும் கொஞ்சம் தள்ளிண்ணே."

பெரிய சாலைக்குப் போய், பேருந்து நிறுத்தத்து நிழலில் நின்றார்கள். காவலாளி மூச்சு வாங்க அங்கேயும் வந்துவிட்டார். பாவம், அவரும் எத்தனை தரம்தான் ஓடுவார்.

மனைவி பையைக் கீழே வைத்தாள். "ஏன் தம்பி, எவ்வளவு தூரம்தான் போகணும்? அதைக் கேட்டுச் சொல்லு. அங்க போய் ஒரேயடியா உக்காந்துக்கறோம்."

அது நியாயமான கேள்வியாகத்தான் காவலாளிக்கும் பட்டது. கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நெடுநேரம் ஆகியது. இரண்டு பேருந்துகள் வந்து நின்று, ஏறுவீர்களா என்பது போலப் பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் காவலாளி வந்தார். மில்காரரின் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கேட்டேன்ண்ணே. ஈர்ப்புக்கு எல்லையே கிடையாதாம். நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கச் சொன்னாங்க."